வெயிலும் வறட்சியும் உப்பும் வருவதற்கு முன்பே பயிரைத் தயார் செய்வது எப்படி: இயற்கை பயோஸ்டிமுலன்ட் பற்றிய முழுமையான வழிகாட்டி

பயிர் வாடித் தலை தொங்கிய பிறகு கடல்பாசிச் சாறு தெளித்தால் நிமிர்ந்துவிடுமா? பெரும்பாலும் நிமிராது. இந்தப் பொருட்களை வாங்கி ஏமாந்துபோனதாகச் சொல்பவர்களில் நிறையப் பேர் சரியான பொருளைத்தான் வாங்கியிருப்பார்கள், ஆனால் கெடு முடிந்த பிறகு தெளித்திருப்பார்கள். பயோஸ்டிமுலன்ட் மருந்து இல்லை, உரமும் இல்லை. பயிருக்குள் ஏற்கனவே இருக்கிற தற்காப்பு வேலைகளை முன்கூட்டியே தட்டி எழுப்புகிற பொருள், அவ்வளவுதான். அதனால் எதைத் தெளிப்பது என்பதைவிட எப்போது, எந்த நெருக்கடிக்காகத் தெளிக்கிறோம் என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 ஒழுங்குமுறை இதற்கு ஒரு நல்ல வரையறை தருகிறது. தன்னில் எவ்வளவு ஊட்டச்சத்து இருக்கிறது என்பதைப் பொறுத்து இல்லாமல், பயிர் சத்தைப் பயன்படுத்தும் திறன், வறட்சி வெப்பம் போன்ற நெருக்கடியைத் தாங்கும் திறன், விளைச்சலின் தரம், மண்ணில் சிக்கிக் கிடக்கும் சத்து வேருக்குக் கிடைப்பது, இவற்றில் ஒன்றையாவது மேம்படுத்தும் பொருள்தான் பயோஸ்டிமுலன்ட். பூச்சியையும் நோயையும் கொல்வது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "இது ஒன்று போதும், எல்லாம் சரியாகும்" என்று எழுதிய புட்டியைக் கண்டால் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

முதலில், நெருக்கடி வரும்போது செடிக்குள் என்ன நடக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் எந்தப் பொருளை எடுப்பது என்பது தானாகவே தெளிவாகும். மண் காயத் தொடங்கியதும் செடியில் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் கூடும், இலைத்துளைகள் மூடும். நீர் வெளியேறுவது குறையும், நல்லதுதான். ஆனால் அதே துளை வழியாகத்தான் கரியமில வாயுவும் உள்ளே வரவேண்டும். வெயில் தொடர்ந்து அடிக்கிறது, ஒளியாற்றல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, அதைச் செலவழிக்க வாயு இல்லை. மிஞ்சிய ஆற்றல் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வினைமிகு ஆக்சிஜன் பொருட்களாக மாறி செல்சவ்வையும் புரதத்தையும் அரிக்கும். இலை ஓரம் கருகுவதும் பச்சையம் வெளுப்பதும் அதன் அடையாளம்.

இதைச் சமாளிக்கச் செடி ஆக்சிஜனேற்றத் தடுப்பு நொதிகளைக் கூட்டும், செல்லுக்குள் புரோலின், கிளைசின் பீட்டைன் போன்ற சிறு மூலக்கூறுகளைச் சேர்த்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வேரை ஆழமாக விடும். இதெல்லாம் நேரம் எடுக்கும் வேலை, ஆற்றலும் செலவாகும். பயோஸ்டிமுலன்ட் செய்வது இந்த வேலைகளைச் சில நாள் முன்னதாகவே தொடங்க வைப்பதுதான்.

உப்பு வேறு மாதிரி. முதல் கட்டத்தில் மண்ணில் நீர் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது, அதாவது ஈரத்திலும் வறட்சி. அடுத்த கட்டத்தில் சோடியம் இலையில் சேர்ந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடித்து நஞ்சாகும், பழைய இலைகள் முதலில் காயும். நீர் தேங்கினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது, எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் பெருகும், இலை தொங்கி மஞ்சளாகும். இதைப் பார்த்து வறட்சி என்று நினைத்து இன்னும் தண்ணீர் பாய்ச்சுபவர்களும் உண்டு.

படி 1: எந்த நெருக்கடி, எந்தக் கட்டத்தில் என்று எழுதி வையுங்கள்

ஒவ்வொரு பயிருக்கும் ஒரு பலவீனமான காலம் இருக்கிறது, அதைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. நெல்லில் பூ விரியும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரமே போதும், மகரந்தம் மலடாகிப் பதர் கூடும். தக்காளியில் பகல் 32 டிகிரிக்கு மேலும் இரவு 21 டிகிரிக்கு மேலும் தொடர்ந்து போனால் பிஞ்சு பிடிப்பது குறையும், இதில் இரவு வெப்பத்தைத்தான் பலர் கணக்கில் எடுப்பதில்லை. மக்காச்சோளத்தில் கதிர்நூல் வெளிவரும் முன்னும் பின்னும் உள்ள இரண்டு வாரங்கள்தான் உயிர்நாடி. அப்போது நீர் குறைந்தால் நூல் வருவது தாமதமாகும், அதற்குள் மகரந்தம் கொட்டி முடிந்திருக்கும், கதிரில் மணி பிடிக்காது.

உங்கள் பயிரின் இந்தக் கட்டம் எந்த வாரத்தில் வரும், வழக்கமாக அந்த வாரத்தில் வானிலை எப்படி என்று பாருங்கள். தெளிப்பு அட்டவணை அங்கிருந்து பின்னோக்கி எண்ணி வரவேண்டும்.

படி 2: மண்ணையும் நீரையும் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போக ஆசையாகத்தான் இருக்கும், தாண்டாதீர்கள். மண்ணின் கார அமில நிலை, மின்கடத்து திறன் (உப்பின் அளவைக் காட்டுவது), கரிமச்சத்து, மணிச்சத்து, பாசன நீரின் உப்பு, இவ்வளவு தெரிந்தால் போதும்.

உப்பைப் பொறுத்தவரை பயிருக்குப் பயிர் தாங்கும் அளவு ரொம்பவே மாறும். மண்ணை நீரில் பசையாகக் குழைத்து எடுத்த சாற்றில் அளந்த மின்கடத்து திறன் பீன்ஸுக்கு 1, வெங்காயத்துக்கு 1.2, மக்காச்சோளத்துக்கு 1.7, தக்காளிக்கு 2.5, கோதுமைக்கு 6, பார்லிக்கு 8 (அலகு: டெசிசீமன்ஸ்/மீட்டர்) வரை பெரிய இழப்பு இருக்காது, அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் இறங்கும். உங்கள் மண் 5 காட்டுகிறது, நீங்கள் வெங்காயம் போடுகிறீர்கள் என்றால் எந்தச் சாறும் காப்பாற்றாது. பயிரை மாற்றுங்கள், அல்லது நல்ல நீர் விட்டு உப்பைக் கீழே கழுவி இறக்குங்கள். உவரும் களரும் ஒன்றல்ல என்பதையும் மறக்கவேண்டாம். உவர் நிலத்தில் உப்பைக் கழுவ வடிகால் வேண்டும், சோடியம் மிகுந்த களர் நிலத்தில் ஜிப்சம் இட்டு அப்புறம்தான் கழுவவேண்டும்.

மூடாக்கு, வடிகால், சமச்சீர் உரம், சரியான இடைவெளியில் பாசனம் எல்லாம் முதல் வரிசை. பயோஸ்டிமுலன்ட் இரண்டாம் வரிசை. மூடாக்கே இல்லாத வெற்று மண்ணில் விலை உயர்ந்த சாறு தெளிப்பதைவிட அந்தக் காசுக்கு வைக்கோலோ இலைதழையோ பரப்புவது நல்லது என்பது என் கருத்து.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுப்பது

*கடல்பாசிச் சாறு.* அதிகம் ஆய்வு செய்யப்பட்டது இதுதான். வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கரையில் வளரும் அஸ்கோஃபில்லம் நோடோசம் என்ற பழுப்புப் பாசியிலிருந்து வருவது பிரபலம். எக்லோனியா, சர்காசம், சிவப்புப் பாசியான கப்பாஃபைகஸ் ஆகியவற்றிலிருந்தும் எடுக்கிறார்கள். பழுப்புப் பாசியில் ஆல்ஜினேட், லாமினாரின், ஃபியூகாய்டன் போன்ற சர்க்கரைத் தொடர்களும், மன்னிட்டாலும் பீட்டைன்களும் இருக்கின்றன. செடி இவற்றை உணவாக எடுப்பதில்லை, சமிக்ஞையாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இவ்வளவு குறைந்த அளவிலும் வேலை செய்கிறது. வறட்சி, வெப்பம், மிதமான உப்பு மூன்றுக்கும் முதலில் முயன்று பார்க்கத் தகுந்தது.

ஒரே பாசியிலிருந்து எடுத்தாலும் இரண்டு நிறுவனங்களின் சாறு ஒரே மாதிரி இருக்காது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டுக் காரத்தில் கரைத்து எடுப்பது ஒரு முறை, செல்களைக் குளிர்ந்த நிலையிலேயே உடைத்துப் பிழிவது இன்னொரு முறை, கிடைக்கும் பொருள் வேறு. எந்தப் பாசி, எந்த முறை, எத்தனை சதவீதம் திடப்பொருள் என்று லேபிளில் போடாதவர்களிடம் வாங்காதீர்கள்.

*ஹியூமிக், ஃபுல்விக் அமிலங்கள்.* மக்கிய கரிமப்பொருளில் இருக்கும் இவை வேருக்கானவை. வேர்ச்செல் சவ்வில் சத்தை உள்ளே இழுக்க உதவும் புரோட்டான் பம்பை முடுக்கி, பக்கவேர்களைக் கூட்டும், சத்து உறிஞ்சுவதும் கூடும். கரிமச்சத்து குறைந்த மணற்பாங்கான மண்ணில் பலன் நன்றாகத் தெரியும். ஏற்கனவே கருப்பாக, கம்போஸ்ட் நிறைந்த மண்ணில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்கவேண்டாம், அங்கே இது ஏற்கனவே இருக்கிறது.

*அமினோ அமிலமும் பெப்டைடும்.* புரதத்தை உடைத்து எடுப்பது. நொதியால் உடைத்ததா அமிலத்தால் உடைத்ததா என்று கேளுங்கள். கடும் அமிலத்தில் கொதிக்கவைத்து உடைத்தால் டிரிப்டோஃபான் அழிந்துவிடும், நடுநிலையாக்கும்போது உப்பும் சேரும். உப்பு நெருக்கடியில் இருக்கும் பயிருக்கு உப்பு நிறைந்த திரவத்தைத் தெளிப்பது என்ன கணக்கு? நொதி முறையில் சிறு பெப்டைடுகள் தப்பிப் பிழைக்கும், வேலை செய்வதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. குளிர் தாக்கிய பிறகும், நாற்று நடவு அதிர்ச்சியிலும் செடி மீண்டு எழ இது உதவும். நெருக்கடிக்குப் பிறகு கொடுத்தாலும் அர்த்தமுள்ள ஒரு சில பொருட்களில் இது ஒன்று.

*முருங்கை இலைச் சாறு.* நீங்களே தயாரிக்கலாம். இளம் இலையில் சியாட்டின் என்ற சைட்டோகைனின் ஹார்மோன் அதிகம், கூடவே அஸ்கார்பிக் அமிலமும் பொட்டாசியமும் இருக்கின்றன. சியாட்டின் இலை முதிர்ந்து உதிர்வதைத் தள்ளிப்போடும். 10 கிலோ இளம் இலைக்கு 1 லிட்டர் நீர் சேர்த்து அரைத்துப் பிழிந்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, 1 பங்கு சாற்றுக்கு 30 பங்கு நீர் கலந்து தெளிக்கவேண்டும். அன்றே, முடிந்தால் சில மணி நேரத்துக்குள். மிஞ்சினால் உறையவைத்து வைக்கலாம், வெளியில் வைத்துப் புளித்துப்போனதைத் தெளிக்கவேண்டாம். நீர் கலக்காமல் அப்படியே தெளித்தால் வளர்ச்சி தடைப்படும்.

*வேர்ப்பூஞ்சை.* மைக்கோரைசா, கடையில் வாம் (VAM) என்ற பெயரிலும் கிடைக்கும். நிலத்தாவரங்களில் பெரும்பாலானவற்றோடு கூட்டு சேரும், வேர் எட்டாத இடத்திலிருந்து நீரையும் மணிச்சத்தையும் கொண்டுவரும். இதில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, இது உயிருள்ள வேரைத் தொட்டால்தான் பிழைக்கும், இலையில் தெளிப்பது வீண். நாற்றங்காலிலோ நடவுக் குழியிலோ வேருக்கு அடியில் போடுங்கள். இரண்டு, மணிச்சத்து உரத்தைக் கொட்டியிருக்கும் மண்ணில் செடி இதைச் சேர்த்துக்கொள்ளாது, தேவையில்லையே. மூன்று, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கடுகு, முள்ளங்கி குடும்பமும், பீட்ரூட் குடும்பமும் இந்தப் பூஞ்சையோடு சேர்வதில்லை. அந்தப் பயிர்களுக்கு இதை விற்கிறவர் உங்களுக்கு நண்பர் இல்லை.

*நுண்ணுயிர்கள்.* அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், பாசில்லஸ் என்ற பாக்டீரியா வகைகளில் சில, நெருக்கடியில் செடி எத்திலீன் தயாரிப்பதற்கான மூலப்பொருளையே உடைத்துத் தின்னும் நொதியை வைத்திருக்கின்றன. எத்திலீன் குறைந்தால் வேர் வளர்ச்சி நிற்காது. சில பாக்டீரியா வேரைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரந்து ஈரத்தைப் பிடிக்கும், சோடியத்தையும் கட்டிவைக்கும். நீர் தேங்கும் நிலத்துக்கும் மிதமான உவருக்கும் இவற்றை யோசிக்கலாம். இலையில் வாழ்கிற மெத்திலோபாக்டீரியம் வகை இலை வெளியிடும் மெத்தனாலைத் தின்று சைட்டோகைனினைத் தரும், இதை மட்டும் இலைமேல் தெளிக்கவேண்டும்.

சிலிக்கான் நெல், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களுக்கு நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் அவை அதை நிறைய உறிஞ்சும். தக்காளி அவ்வளவு உறிஞ்சாது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசனும் உண்டு. அது அமிலத்தில்தான் கரையும், அதன் தொல்லையைக் கலவைப் பகுதியில் பார்ப்போம்.

படி 4: காலம் குறிப்பது

விதையிலிருந்தே தொடங்கலாம். நீர்த்த கடல்பாசிக் கரைசலிலோ முருங்கைச் சாற்றிலோ 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் முளைப்பு சீராக வரும். சோயா, பீன்ஸ் போன்ற பருப்பு வகைகளை இப்படி ஊறவைக்காதீர்கள், நீரை வேகமாக உறிஞ்சி விதையிலை வெடித்துவிடும். அவற்றுக்கு மேல்பூச்சே போதும்.

நடவின்போது நாற்றின் வேரை நுண்ணுயிர்க் கரைசலில் 20 முதல் 30 நிமிடம் நனைத்து நடுங்கள். ஹியூமிக் கொடுப்பதாக இருந்தால் நட்ட பிறகு வேர் பிடிக்கும் முதல் வாரங்களில் சொட்டுநீரிலோ வேரடியிலோ கொடுங்கள்.

இலைத் தெளிப்புதான் கவனமாகச் செய்யவேண்டியது. எதிர்பார்க்கும் நெருக்கடிக்கு 3 முதல் 7 நாள் முன்பு ஒரு தெளிப்பு விழுந்திருக்கவேண்டும். வானிலை முன்னறிவிப்பில் வெப்ப அலை தெரிந்ததும் தெளித்தால் பெரும்பாலும் இந்த இடைவெளி கிடைக்கும். பூக்கும் பருவத்தைக் காப்பாற்றுவதாக இருந்தால் மொட்டு விடும்போது ஒன்று, பூ தொடங்கும்போது ஒன்று. ஒரு தெளிப்பின் தாக்கம் இரண்டு மூன்று வாரத்தில் தேய்ந்துவிடும், வறட்சி நீண்டால் திரும்பத் தெளிக்கவேண்டும்.

செடி ஏற்கனவே வாடியிருந்தால் முதலில் தண்ணீர். நிமிர்ந்த பிறகு, மறுநாள் தெளிக்கலாம். மூடிய இலைத்துளையும் சுருங்கிய மேல்தோலும் உள்ள இலையில் தெளித்தது அப்படியே காய்ந்து படியும், சில நேரம் இலையைக் கருக்கும்.

படி 5: அளவும் கலவையும்

ஹார்மோன் போல வேலை செய்கிற பொருளில் "இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கு பலன்" என்ற கணக்கு தலைகீழாகும். அளவு கூடினால் வேர் வளர்ச்சி குறையும், இலை சுருளும். லேபிள் அளவே உச்ச வரம்பு, புதிய பொருள் என்றால் அதன் பாதியில் சில செடிகளில் தெளித்து மூன்று நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். லிட்டருக்கு 3 மில்லி என்று போட்டிருந்தால் 15 லிட்டர் டேங்குக்கு 45 மில்லி, மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்து ஊற்றுங்கள்.

கலக்கும்போது நடக்கிற சேதம் பெரிது. ஹியூமிக் அமிலம் அமிலக் கரைசலில் திரிந்து அடியில் தங்கும், கால்சியம் நைட்ரேட்டோடும் கடின நீரோடும் சேர்ந்தால் கட்டி பிடித்துச் சொட்டுநீர்க் குழாயை அடைக்கும். ஃபுல்விக் அமிலத்துக்கு அமிலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கைட்டோசன் கரைசல் அமிலத்தன்மை உள்ளது, காரமுறைக் கடல்பாசிச் சாறு காரத்தன்மை உள்ளது, இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றினால் பசைதான் மிஞ்சும். அமினோ அமிலத்தைத் தாமிர மருந்தோடும் கந்தகத்தோடும் எண்ணெயோடும் கலக்காதீர்கள், தாமிரத்தை அது இலைக்குள் தேவைக்கு மேல் இழுத்துவிடும், இலை எரியும். நுண்ணுயிர்களோடு தாமிரம், பூஞ்சாணக்கொல்லி, குளோரின் கலந்த குழாய் நீர் எதுவும் கூடாது. குழாய் நீர்தான் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து அப்புறம் பயன்படுத்துங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடிப் புட்டியில் அதே நீர், அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வையுங்கள். திரிந்தாலோ, படிந்தாலோ, சூடானாலோ தனித்தனியாகத் தெளியுங்கள்.

தெளிக்கும் நேரம் அதிகாலை அல்லது மாலை. வெயில் ஏறிய பிறகு துளி இலையில் பத்து நிமிடம்கூட ஈரமாக நிற்காது, உள்ளே போக வழியில்லை. நுண்ணுயிர் என்றால் மாலைதான், புற ஊதாக் கதிர் அவற்றைக் கொல்லும். இலையின் அடிப்பக்கமும் நனையவேண்டும், பெரும்பாலான பயிர்களில் துளைகள் அங்கேதான் அதிகம். மெழுகுப் பூச்சுள்ள வெங்காயம், கோஸ் இலைகளில் ஒட்டு திரவம் இல்லாமல் தெளித்தால் எல்லாம் உருண்டு மண்ணில் விழும்.

படி 6: ஒரு கீற்றை விட்டு வையுங்கள்

வேலை செய்ததா இல்லையா என்று தெரிய இதைவிட வேறு வழி கிடையாது. வயல் முழுக்கத் தெளித்துவிட்டு "இந்த வருஷம் நல்லா இருக்கு" என்றால் அது மழையாகவும் இருக்கலாம். வயலில் குறைந்தது மூன்று இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டு கீற்று, அதாவது நீளமான நிலப்பட்டை, குறியுங்கள், ஒன்றில் கரைசல், மற்றதில் அதே அளவு வெறும் நீர். வெறும் நீராவது தெளிக்கவேண்டும், ஏனென்றால் வெப்ப நாளில் இலையை நனைப்பதே ஒரு உதவி. வேலியோரம், வரப்போரம், மரநிழல் எல்லாம் தவிர்த்துவிடுங்கள்.

பார்க்கவேண்டியவை அதிகம் இல்லை. வெயில் உச்சத்தில் எத்தனை செடி தொங்குகிறது, பொழுது சாயும்போது எத்தனை நிமிர்கிறது. ஒவ்வொரு கீற்றிலும் ஐந்தாறு செடியைத் தோண்டி வேரின் ஆழமும் பக்கவேரும். குறிப்பிட்ட கொத்துகளில் எத்தனை பூ, எத்தனை பிஞ்சு. கடைசியில் எடை. பச்சை நிறத்தை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், கரைசலில் இருக்கும் கொஞ்சம் தழைச்சத்தும் இரும்பும்கூட அந்த நிறத்தைக் கொடுத்துவிடும்.

எடையைக் கணக்கிடும்போது, வெறும் நீர் தெளித்த மூன்று கீற்றுகளுக்குள்ளேயே எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். கரைசல் தந்த கூடுதல் அதைவிடச் சின்னது என்றால் பலன் இல்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள். நெருக்கடியே வராத நல்ல பருவமாக இருந்தால் முடிவு எழுதாமல் அடுத்த கடினமான பருவம் வரை காத்திருங்கள், அதுவரை புட்டியை நிழலில், காலாவதி தேதி தெரியும்படி வையுங்கள். நுண்ணுயிர்ப் புட்டியை மட்டும் அப்படிச் சேமித்து வைக்கமுடியாது, அதை அந்தந்தப் பருவத்துக்குப் புதிதாகத்தான் வாங்கவேண்டும்.